ஒரு வரிக் காவல்

“அப்பா, உங்க காவக்காரர் தூங்கிட்டா யாருப்பா முழிச்சிருப்பா?”

அவன் தன் வேலையைப் பற்றி விளக்கியபோது மகள் ஒருமுறை கேட்டாள். அவன் சிரித்து மழுப்பிவிட்டான்.

கணவனுக்குப் பயந்து ஓடிவந்த பெண்களை மறைவாகத் தங்கவைக்கும் ஓர் இல்லத்துக்கு அவன்தான் இணையதளம் எழுதினான். அதில் ஒவ்வொரு செயலுக்கும் முன்னால், காவல்காரர்போல ஒரு வடிகட்டி ஓடும். வந்தவர் யார், இதைச் செய்ய அனுமதி உண்டா என்று பார்த்துப் பதிவேட்டில் எழுதும். அதை ஓடவைக்க, நிரலில் அந்தச் செயலின் தலைமேல் ஒரே ஒரு வரி, அவ்வளவுதான். அதனால் அலுவலகத்தில் அவனுக்குப் ‘பூட்டு’ என்று பெயர்.

மனைவியும் மகளும் ஊருக்குப் போயிருந்த ஒரு பிற்பகலில், வீட்டு மாடியறையில் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். புதிதாக ஒரு வரி விழுந்தது.

பயனர் 417. உள்ளே வா. அனுமதி உண்டு.

417ஐ அவனே நீக்கியிருந்தான். நான்கு மாதத்துக்கு முன், அந்த எண்ணுக்குரிய பெண் இறந்த மறுநாள்.

அதற்குச் சில நாள் முன்பு, ஏதோ சோதனைக்காக, ஒவ்வொரு பெண்ணும் தங்கியிருக்கும் இடத்தைக் காட்டும் முகவரிப் பக்கத்தின் மேலிருந்த அந்த ஒரு வரியை எடுத்தவன், திரும்பப் போட மறந்தான். நன்கொடையாளராகப் பதிந்துகொண்ட ஒருவன் 415, 416, 417 என்று பக்கத்தின் எண்ணை மாற்றிப் பார்த்தே தன் மனைவி ஒளிந்திருந்த வீட்டைக் கண்டுபிடித்தான். போலீஸ் போனபோது அவள் தண்ணீர்த் தொட்டிக்குள் கிடந்தாள். வடிகட்டி இல்லாத இடத்தில் பதிவும் இல்லை. பூட்டு சத்தமில்லாமல் வரியைத் திரும்பப் போட்டான். முகவரியை வெளியே சொன்னவர் என்று இல்லத்தின் காப்பாளர் அம்மாவை வேலையைவிட்டு அனுப்பினார்கள். “சாப்டியாப்பா?” என்று கேட்காமல் அவனை ஒரு நாளும் உட்காரவைக்காதவர். அவன் வாயைத் திறக்கவில்லை.

அலுவலக நண்பனை அழைத்தான். “டேய், 417ஐ யாராவது திரும்பச் சேத்தீங்களா?”

“லீவுல என்னத்தடா நோண்டுற, பூட்டு? அப்படி ஒரு நம்பரே இல்ல. போய் மூஞ்சியக் கழுவு.”

போனை வைத்ததும் அடுத்த வரி.

பயனர் 417. வெளிக்கதவைத் திற. அனுமதி உண்டு.

அந்தத் தளத்தில் அப்படியொரு செயலே கிடையாது. ஆனால் கீழே இரும்புக் கதவு எண்ணெய் காணாத கீலில் நீளமாக முனகித் திறந்தது. வெயிலில் காய்ந்த தூசியின் மணத்தை விலக்கிக்கொண்டு, நாள்பட்ட தண்ணீரின் பாசி நாற்றம் மெல்ல மெல்லப் படியேறி வந்தது.

படி ஏறு. அனுமதி உண்டு.

வெறுங்கால். ஈரம் சொட்டும் சத்தம்.

அறைக்குள் வா. அனுமதி உண்டு.

தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. நாற்காலியின் முதுகில் ஏதோ சாய்ந்தது.

பயனர் பூட்டு. எழுந்திரு. அனுமதி இல்லை.

கால் அசையவில்லை.

கத்து. அனுமதி இல்லை.

விரல்கள் மட்டும் அசைந்தன. என்ன கேட்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. இல்லத்தின் நிர்வாகத்துக்கு எழுதினான்: ‘அன்று காவல் வரியை எடுத்தவன் நான். காப்பாளர் அம்மாமேல் ஒரு தப்பும் இல்லை.’ பயத்தில் சொன்னாலும் உண்மை உண்மைதான். ஒரு நல்ல மனுஷியின் பெயரை அது துடைத்துவிடும்.

அனுப்பு. அனுமதி உண்டு.

கடிதம் போய்விட்டது. அவன் அதை எழுதி அனுப்பியதைப் பார்த்த மனிதர் யாருமில்லை. பின்கழுத்தில் குளிர் விலகவுமில்லை.

பயனர் பூட்டு. மூச்சு விடு.

அதற்கு எதிரே இன்னும் எதுவும் எழுதப்படவில்லை. அவன் விரல்களுக்குப் பக்கத்தில், ஊறி வெளுத்த வேறு விரல்கள் நிதானமாக விசைப்பலகையில் எழுத்துகளைத் தேடிக்கொண்டிருந்தன.