பதில் சொன்னவள்

பெமிலா வாயைத் திறப்பதற்கு முன்பே பதில் போய்விட்டது.

"சாயா போட்டியா?" என்று முன்னறையிலிருந்து தேவகுமார் கேட்டார். அடுக்களையில் பால் பொங்குவதற்காகக் காத்து நின்ற பெமிலாவுக்கு அந்தக் கேள்வி ஓர் எழுத்தும் சிதறாமல் கேட்டது. கல்யாணம் முடிந்து இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, ஒரு சுவருக்கு அப்பால் இருந்து கணவர் பேசியது அவளுக்கு முழுதாகக் கேட்பது இந்த வாரத்தில்தான். அந்த அதிசயத்தில் ஒரு நொடி நின்றுவிட்டாள். அதற்குள் பின்பக்கம், ரப்பர் ஷீட் அடுக்கிவைக்கும் அறையிலிருந்து, "இன்னா வாறேன்" என்றது ஒரு பெண்குரல்.

முன்னறையில் தேவகுமார் நிம்மதியாகப் பேப்பரைப் புரட்டினார்.

காதில் புதிதாக மாட்டிய மெஷின் செய்கிற வேலை என்று பெமிலா நினைத்துக்கொண்டாள். மார்த்தாண்டத்தில் காது பரிசோதித்த பெண் வரைபடத்தைக் காட்டி விளக்கியிருந்தாள். இரண்டு ஓரமும் மேலே நிற்க, நடுவில் மட்டும் கோடு குழியில் விழுந்து கிடந்தது. "இடி கேக்கும், குக்கர் விசில் கேக்கும். மனுசப் பேச்சு இருக்குத இடம்தான் ஒங்களுக்கு இல்லம்மா. மெஷின் போட்டா கொஞ்ச நாளு எல்லாம் விசித்திரமாட்டு இருக்கும். பழகணும்."

அன்று பஸ்ஸில் திரும்பும்போது பெமிலாவுக்கு வந்தது அழுகையல்ல, கோபம். விசில் கேட்கிறதே, நான் சொன்னால் மட்டும் கேட்காதோ என்று இத்தனை வருடமாக அவளைக் குத்திக் குத்திப் பேசியிருந்தார்கள். கள்ளச்செவி என்று தேவகுமார் அவளுக்குப் பெயரே வைத்திருந்தார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். தன் அம்மா விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. படுக்கையில் விழுந்த அம்மாவை இங்கே அழைத்து வரட்டுமா என்று அவர் கேட்டாராம்; வேண்டாம் என்று அவள் சொன்னாளாம். அப்படி ஒரு கேள்வி தன் காதில் விழவே இல்லை என்று அவள் தலையில் அடித்துச் சொன்னாள். யாரும் நம்பவில்லை. அம்மா குழித்துறையில் ஒரு முதியோர் இல்லத்தில், தெரியாத முகங்களுக்கு நடுவில் செத்துப்போனாள். மனுஷன் பொய் சொல்கிறார் என்றே பெமிலா அன்றுமுதல் உறுதியாக இருந்தாள்.

பிரசவத்துக்கு வந்த மகள் ஷைஜாவின் குழந்தை இப்போது குப்புற விழத் தொடங்கியிருந்தது. அதன் மழலை கேட்க வேண்டும் என்றுதான் மெஷினே வாங்கினாள். ஆனால் மழலையைவிட அதிகமாக அந்தக் குரல்தான் கேட்டது. ஷைஜா கூப்பிட்டால் "என்ன மக்களே" என்றது. பக்கத்து வீட்டு குளோரி வேலிக்கு அப்பால் நின்று எதையோ கேட்டால் "இல்லக்கா" என்றது. பெமிலாவின் இழுப்பு, பெமிலாவின் ராகம். கொஞ்சம்கூடத் தயங்காத, கெட்டிக்காரக் குரல்.

சனிக்கிழமை மத்தியானம் மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. "பெமிலா, குட எங்க?" என்று வாசலிலிருந்து தேவகுமார் கேட்டதும் அவள் தன் வாயைக் கையால் இறுகப் பொத்திக்கொண்டாள்.

"கதவுக்குப் பொறத்த தொங்குகு."

பின்னறைக்கு ஓடினாள். புகை வாசமும் அமில வாசமும் கலந்து மூக்கில் ஏறின. பழுப்பு ஷீட்டுகள் தோல்போலத் தொங்கிக்கொண்டிருந்தன. யாரும் இல்லை. கடைசி ஷீட் மட்டும் லேசாக ஆடியது.

வாசலுக்கு வந்து தேவகுமாரின் சட்டையைப் பிடித்தாள். "இப்ப ஆரு ஒங்களுக்குப் பதில் சொன்னது?"

"நீதான்."

"நான் வாயே தொறக்கல்ல."

"மெஷின் வாங்கித் தந்தும் கள்ளச்செவி மாறல்ல பாத்தியா" என்று அவர் சிரித்தார்.

"அம்மைய கூட்டிட்டு வரட்டான்னு கேட்டியளே, எனக்க மொகத்தப் பாத்தா கேட்டிய?"

சிரிப்பு நின்றது. அவர் யோசித்தார். "நீ உள்ள நின்ன. சத்தம்தான் வந்துது. வேண்டாம்னு."

அவர் குடையை எடுத்துக்கொண்டு கருங்கல் சந்தைக்குப் போய்விட்டார். பெமிலா பின்னறைக்குத் திரும்பினாள். தன் வாயிலிருந்து இத்தனை காலம் சொல்லைப் பிடுங்கித் தின்ற ஒன்றின்மேல் ஆத்திரம் ஏறியது. பின்னறை நடுவில் நின்று கத்தினாள்.

"ஆருட்டி நீ? எனக்க அம்மைய வேண்டாம்னு சொல்ல நீ ஆரு?"

மூச்சு மட்டும் கேட்டது. ஷீட்டுகளுக்குப் பின்னாலிருந்து அல்ல. அவள் வலது காதுக்கு மிக அருகில்.

சாயங்காலம் மழை சொட்டத் தொடங்கியதும் முற்றத்துக்கு ஓடிக் கொடியில் கிடந்த குழந்தைத் துணிகளை வாரினாள். வாழையிலையில் துளி விழுகிற ஒவ்வொரு சத்தமும் காதுக்குள் வெடித்தது. அதற்கிடையே வீட்டுக்குள்ளிருந்து ஷைஜாவின் குரல்.

"அம்மா, நான் குளிக்கப் போறேன். பிள்ளைய பிடிக்கியளா?"

"தா மக்களே."

துணிகள் சேற்றில் விழுந்தன. பெமிலா ஓடினாள். படி இடறியது. எழுந்தாள். நடைவழி இருட்டாக இருந்தது. நடுவில் ஷைஜா. தோளில் துண்டு. கையில் ஒன்றும் இல்லை.

"பிள்ள எங்கட்டி?"

"இப்பத்தானே கை நீட்டி வாங்கினிய?"

பின்னறைக் கதவு மூடியிருந்தது. உள்ளே தாலாட்டு. பெமிலாவின் குரல். குழந்தை சிரித்தது.

பெமிலா கதவில் மோதினாள். கையால். தோளால். தலையால். "தொறட்டி! எனக்க பிள்ளையக் குடு! ஒன்னக் கொன்னுருவேன்!"

தாலாட்டு நின்றது. பிறகு அந்தக் குரல் மெல்ல அழுதது.

"ஷைஜா... ஆரோ கதவ இடிக்கா மக்களே. என்ன மாதிரியே பேசுகா. எனக்குப் பயமா இருக்கு."

பெமிலா திரும்பினாள். ஷைஜா அசையாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சேறு அப்பிய சேலையை. அவிழ்ந்த முடியை. நெற்றி ரத்தத்தை.

"நான்தான் அம்மா. ஷைஜா, என்னப் பாரு. நான்தான்."

ஷைஜா பார்த்தாள். கேட்டாள். காய்ச்சலில் கூப்பிட்டபோது, இருட்டில் பயந்தபோது, பள்ளிக்கூடம் விட்டு வாசலில் நின்று கத்தியபோது, பிறந்ததிலிருந்து அவளுக்கு உடனே பதில் சொன்ன குரல் எதுவென்று தேடுகிறவள்போலத் தலையைச் சாய்த்தாள்.

பிறகு பெமிலாவைத் தொட்டுவிடாமல் சுவரோடு ஒட்டி நகர்ந்து போனாள். கதவில் வாயை வைத்தாள்.

"பயப்படாதிய அம்மா. நான் வந்துட்டேன்."

உள்ளே தாழ்ப்பாள் நகர்ந்தது. கதவு ஒருக்களித்துத் திறந்தது. ஒரு கை வந்தது. பெமிலாவின் கை. அது ஷைஜாவின் தோளை அன்பாக அணைத்து உள்ளே இழுத்துக்கொண்டது.

கதவு மூடியது.

உள்ளே மூன்று பேர் சிரித்தார்கள்.