பார்த்து நடித்தவர்

சிதம்பரம் பேருந்து நிலையத்தில் மழைக்கு ஒதுங்க இடமில்லை. நனைந்துகொண்டு நின்ற லோகநாயகியின் தலைக்கு மேல் சட்டென ஒரு குடை விரிந்தது. திரும்பினாள். மழித்த முகம்… கூச்சம் நிறைந்த பெரிய கண்கள்…

அந்தக் கண்களை அவளுக்குத் தெரியும். தினமும் சாயங்காலம் டிவி தொடரில், புடவை கட்டிக் கைதட்டி, கல்யாண வீட்டு வாசலில் சாபம் விடும் வயதான திருநங்கையாக நடிப்பவர்!

"அது நீங்கதான?"

அவர் பெருமையோடு தலையாட்டினார். அவள் குடையை விட்டு விலகி மழையிலேயே நின்றாள்.

லோகநாயகியும் திருநங்கைதான். வயது ஐம்பத்தெட்டு. கடலூர் முதுநகரில் தையல் கடை வைத்திருக்கிறாள்.

"இத்தினி வருஷமா தெருவுல நான் தையக்கார அக்கா. உங்க நாடகம் வந்தப்புறம் புள்ளைங்க என்னப் பாத்துக் கைதட்டுதுங்க."

அந்த நடிகர் அருள்முருகன், குடையை மடக்கிவிட்டுத் தானும் நனைந்தார். அவளுக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது…

பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தார். மனைவி இறந்து பல வருஷம் ஆகிறது, எழுதிக் கொடுப்பதைத்தான் பேசுகிறேன் என்றார். புவனகிரியில் இறங்க வேண்டியவர், பேச்சு சுவாரசியத்தில் இறங்கவேயில்லை.

அடுத்த வாரம் அறுந்த சட்டைப் பொத்தானோடு கடைக்கு வந்தார். அப்புறம் பொத்தான் அறாமலேயே வந்தார். டீ ஆறும்வரை பேசினார்கள். ஒருநாள் மனம் இளகி அவள் ஏதோ சொன்னாள்…

அந்த வார்த்தையை டிவியில் கேட்டபோது அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளைப் போலவே கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவர் சொன்னார்: "சாப்ட்டியான்னு கேக்க எனக்கும் ஓராளு வேணும்."

தெருவே உருகியது. அவளுக்கு மட்டும் நெஞ்சு எரிந்தது. 'என் மனசையே எடுத்துக் கடை போட்டுட்டாரே…' அதன்பின் அவர் போனை அவள் எடுக்கவில்லை.

சில நாள் கழித்து அவரே வந்து நின்றார். அவள் மெஷினிலிருந்து தலை நிமிரவில்லை.

"என்னப் பாக்க வந்தீங்களா… பாத்து நடிக்க வந்தீங்களா?"

"மொத தடவ பாத்து நடிக்கத்தான் வந்தேன். அப்பறம் வந்ததெல்லாம் உங்களப் பாக்க. ஆனாலும் உங்களக் கேக்காம அத சொன்னது தப்பு."

அந்த வேஷத்தை விட்டுவிட்டதாகவும், ஒரு திருநங்கையையே நடிக்கவைக்கும்படி டைரக்டரிடம் சொல்லிவிட்டதாகவும் மெல்லச் சொன்னார்.

"நான் நடிக்க மாட்டேன்," என்றாள் வீம்பாக.

"உங்கள நடிக்கவா கூப்புடுறேன்?"

"பின்ன?"

"கூட இருக்கக் கூப்புடுறேன்… எனக்கு உங்களப் புடிச்சிருக்கு லோகா."

மெஷின் நின்றது. தைத்துக்கொண்டிருந்த துணி கண்ணீரில் மங்கலாகத் தெரிந்தது. இந்த வயதில் முகம் சிவக்குமா என்ன… சிவந்தது.

"எனக்கும் புடிச்சிருக்கு," என்றாள் அவரை நிமிர்ந்து பார்த்து. "இல்லன்னா அவ்ளோ கோவம் ஏன் வருது?"