ஜோடியில்லாத தேய்மானம்

செம்பியனின் வலது கடைவாய்ப் பற்கள் ஒன்றையொன்று தொடவே இல்லை. ஆனாலும் தேய்ந்திருந்தன.

அடையாறு கல்லூரியின் பல் மருத்துவ ஆய்வகத்தில், ஈரப் பிளாஸ்டரும் உருகிய மெழுகும் மணக்க, லாவண்யா தன் கணவனின் பல் அச்சுகள் இரண்டையும் மாணவர்கள் முன்னால் மறுபடியும் மூடிப் பார்த்தாள். இடது பக்கம் 'டக்'கென்று பூட்டுப்போல் பொருந்தியது. வலது பக்கம் சுண்டுவிரல் நுழையும் சந்து. அதன் மேலும் கீழும் பல் முகடுகள் மழுங்கி, அம்மிபோல் வழவழத்தன. தூக்கத்தில் பல்லைக் கடிக்கும் அவனுக்குப் பாதுகாப்பாகப் பல்லுறை செய்யலாமென்று நேற்று எடுத்த அச்சு. பாடத்துக்கும் ஆகுமே என்று கொண்டுவந்திருந்தாள்.

"மேம், சாருக்கு வீட்ல சோறு போடறீங்களா, ஜல்லி போடறீங்களா?" என்றான் காஷிஃப். வகுப்பு சிரித்தது.

"வாய் மட்டும் நல்லா பேசு. போன கிளாஸ்ல என்ன சொன்னேன்?"

"பல்லு தனியா தேயாது மேம். எதிர்ல ஜோடி இருந்தாதான் தேயும்."

"அப்போ இதுக்கு ஜோடி எது?"

கேட்டுவிட்டு அவளே அந்தச் சந்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

முன்வரிசையிலிருந்த ஜோயா மெழுகை இளக்கிச் சந்தில் அடைத்து, அச்சுகளை மூடி, ஆறியதும் வெளியே எடுத்தாள். உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மேம்... நடுவுல இன்னொரு வரிசை நிக்கிற இடம் இது. ரொம்பப் பொடிசா. பால் பல்லு மாதிரி."

லாவண்யா அதை வாங்கி, அச்சுகளோடு பைக்குள் வைத்தாள்.

மதியமே திருவான்மியூர் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். சாத்திய ஜன்னலில் கடற்காற்று மோதிக்கொண்டிருக்க, சாப்பிட்ட தட்டின் ரசவாசனை இன்னும் கலையாத அறையில், செம்பியனும் ஆறு வயது மகள் தமிழ்நிலாவும் ஒரே தலையணையில் உறங்கிக்கொண்டிருந்தார்கள். நறநறவென்ற அந்தச் சத்தம் கேட்டது. கல்யாணமான புதிதில் அவன் கன்னத்தில் கைவைத்தால் அது அடங்கிவிடும். பிறகு அந்தச் சத்தம் இல்லாமல் அவளுக்கே தூக்கம் வராமல் போயிற்று.

குனிந்து பார்த்தாள்.

அவன் வாய் திறந்திருந்தது. மேல் பல் தனி. கீழ்ப் பல் தனி. தாடை அசையவில்லை.

சத்தம் மட்டும் வந்தது. நற. நற.

குழந்தையின் முகம் அந்த வாய்க்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. மூச்சு படும் தூரம்.

குழந்தையை எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். அது ஒன்றுதான் தோன்றியது. மெல்லக் கைகளை நுழைத்துத் தூக்கித் தோளில் சாய்த்தாள்.

சத்தம் நின்றது.

வாசலுக்கு வந்து லிஃப்டை அழைத்தாள். பின்னால் காலடி. செம்பியன் கதவைப் பிடித்தபடி நின்றான். தன் கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்தான். கண்கள் வழிந்துகொண்டிருந்தன.

"லாவி, பாப்பாவை எழுப்பாதே."

"கிட்ட வராதே."

"என் அப்பாவுக்கும் இருந்துச்சு. அவர் போனப்புறம் எனக்கு." நாக்கால் கடைவாயைத் துழாவினான். "இப்போ எனக்கு ஒண்ணும் வலிக்கலடி. வாயில எதுவுமே இல்ல."

அவனுக்கு அழக்கூட முழுதாக வரவில்லை. முகத்தில் அப்படியொரு நிம்மதி.

லிஃப்ட் திறந்தது. உள்ளே ஓடினாள். கதவு மூடியது. இறங்கியது.

காதருகே, மிக அருகே.

நற.

எதிர்க் கண்ணாடியில் அவள் தோளும் குழந்தையின் முகமும். தமிழ்நிலா அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் அகலத் திறந்திருந்தது. பால் பற்களுக்குப் பின்னால், இருட்டில், இன்னொரு வரிசை. ஈரமாக. பொடிசாக.

அது மெதுவாக, இடமும் வலமுமாக நகர்ந்து, தனக்கான இடத்தைத் தேடிக்கொண்டிருந்தது.