உச்சியிலிருந்து இரண்டு தட்டு

நில அதிர்வுக்கு மறுநாள் சாயங்காலம், ஒலிபரப்புக் கோபுரத்தடியில் பைக்கை நிறுத்தினார் மாமா. பின்னாலிருந்து மனைவியின் தம்பி குதித்தான். அவன் கூப்பிட்டுக் கூப்பிட்டு, வேலையிடத்தில் எல்லோருக்குமே அவர் மாமாதான்.

கோபுரம் என்று பெயர்தான். நெடுநெடுவென்று ஒரு இரும்புக் குச்சி. மூன்று பக்கமும் இழுத்துக் கட்டிய கம்பிகள் இல்லாவிட்டால் நிற்காது. பூமி குலுங்கியதில் எந்தக் கம்பி தொய்ந்ததோ, காற்று வலுக்குமுன் சரிபார்த்தாக வேண்டும்.

"தம்பிக்கு ஒரு கீறல் விழுந்தாலும் வீட்டுப் பக்கம் வராதீங்க" என்று மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள்.

மச்சான் சிரித்துக்கொண்டே ஏறினான். மாமா கீழே, கம்பி பூட்டியிருந்த இடத்தில் ஸ்பேனரோடு உட்கார்ந்தார். உச்சியில் வாக்கிடாக்கி எடுபடாது. அதனால் மேலே இருப்பவன் கம்பியில் தட்டுவான். மூன்று தட்டு என்றால் இறுக்கு, இரண்டு என்றால் தளர்த்து. கீழே இருப்பவன் கேள்வி கேட்கக் கூடாது.

மேகம் கவிந்து இருட்டியது. காற்று ஏற ஏறக் கம்பிகள் முனகின. மாமாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கம்பியில் உள்ளங்கையை வைத்தார்.

இரண்டு தட்டு.

காற்றை எதிர்த்து இழுத்துப் பிடிப்பதே இந்தக் கம்பிதான். இதையா தளர்த்தச் சொல்கிறான்?

மறுபடியும் இரண்டு.

பழகிய கை நட்டை ஒரு சுற்றுத் தளர்த்திவிட்டது. கோபுரம் நெளிந்தது.

"இன்னும் கொஞ்சம் தளர்த்துங்க மாமா."

பக்கத்தில் மச்சான் நின்றுகொண்டிருந்தான்.

"எப்படா இறங்கினே?"

"அப்பவே. மேல யாரும் இல்ல. தளர்த்துங்க."

உச்சியிலிருந்து அலறல் வந்தது. "மாமா! இறுக்குங்க மாமா! விழுந்துடுவேன்!"

"அது வெறும் காத்து" என்று கிசுகிசுத்தான் பக்கத்தில் நின்றவன்.

மாமா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. ஐயோ ஐயோ என்று அழுதபடியே, உயிரைக் கொடுத்து நட்டை இறுக்கினார். கோபுரத்தின் ஆட்டம் அடங்கியது. நிமிர்ந்தபோது பக்கத்தில் ஆளில்லை.

மச்சான் வெடவெடத்தபடி இறங்கி வந்தான். "ஏன் மாமா தளர்த்தினீங்க? நான் தட்டவே இல்லையே!"

மாமா அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். திரும்பும்போது மச்சான் பைக்கை ஓட்ட, வழி நெடுக அவன் தோளைப் பிடித்த கையை அவர் எடுக்கவில்லை.

அவன் தெருவில் பைக்கை நிறுத்திக்கொண்டிருக்க, மாமா கதவைத் தட்டினார். திறந்த மனைவி எரிந்து விழுந்தாள்.

"அவனைத் தனியா அனுப்பிட்டு எங்க ஊர் சுத்திட்டு வர்றீங்க? பாவம், வந்து சாப்பிட்டுப் படுத்துட்டான்."

உள்ளறையிலிருந்து தூக்கக் கலக்கத்தோடு ஒரு குரல் கேட்டது.

"மாமா வந்துட்டாராக்கா?"