பாதிரியின் இடைக்கயிறு

நேற்றுக் கட்டியபோது தொளதொளவென்று கிடந்த கயிறு, இன்று மத்தியானம் லியோகாதியாவின் நிறைமாத வயிற்றில் ஒரு விரல் நுழையக்கூட இடம் தரவில்லை.

அவள் புருஷன் திபூர்சியோ குனிந்து பார்த்தான். போன வாரம் செத்துப்போன பிரான்சிஸ்கன் பாதிரி அன்செல்மோ இடுப்பில் கட்டியிருந்த கயிறு. பிணத்தைக் குழியில் இறக்குமுன்பே ஊர்ச்சனம் கத்தியோடு பாய்ந்து, அவருடைய அங்கியைத் துண்டு துண்டாக அறுத்துக்கொண்டு போயிற்று. புனிதராம்! பூசைக்கு வராதவனைக் கோயில் வாசலில் குப்புறப் போட்டு அடித்த புனிதர். இவர்களுடைய முதல் பிள்ளை ஞானஸ்நானத்துக்கு முன்பே கண்ணை மூடியபோது, "கல்லறையில இடமில்ல, ஆத்தோரமாப் பொதைச்சுக்கோ" என்று தன் நீண்ட விரல்களால் கதவைச் சாத்திய புனிதர்.

ஆனாலும் பாதிரியின் கயிற்றைக் கட்டினால் சுகப்பிரசவம் என்பது பிலிப்பைன்ஸின் பிக்கோல் பகுதிப் பெண்களின் நம்பிக்கை. மருத்துவச்சி பேத்ராதான் கொண்டுவந்து கட்டிவிட்டாள்.

"அவுத்துடலாம், லியோ."

"சும்மா இரு. இந்தப் பிள்ளையாவது எனக்குத் தங்கணும். அந்தாளு மேல இருக்கிற கோவத்தை இதுல காட்டாத."

வெளியே மழை அடித்து ஊற்றியது. தூண்கள் மேல் நின்ற குடிசையின் மூங்கில் தரை இடுக்குகள் வழியே சேற்று வாடையும் பன்றி வாடையும் ஏறிவர, அவற்றுக்கு நடுவே மெழுகும் பழைய வியர்வையும் கலந்த வாடை ஒன்று, பாவசங்கீர்த்தனக் கூண்டில் பாதிரியிடமிருந்து முகத்தில் அடிக்குமே அதே வாடை, அவள் வயிற்றிலிருந்து எழும்பியது. கயிறு மெல்ல முனகிற்று. இன்னும் கொஞ்சம் இறுகியது.

ஓடிப்போய்ப் பேத்ராவைக் கூட்டிவந்தான். அவள் கயிற்றைச் சுற்றிச் சுற்றித் தடவினாள்.

"தம்பி, நான் போட்ட முடிச்சு எங்கடா?"

முடிச்சு இல்லை. முனையும் இல்லை.

"வெட்டுடா!" லியோகாதியா அலறினாள். "பிள்ளை நசுங்குது!"

வெட்டுக்கத்தியைச் செருகி அறுத்தான். கயிறு விட்டது. அப்பாடா!

முனைகள் கீழே விழவில்லை.

நகர்ந்தன. தொப்புளை நோக்கி. உள்ளே.

ஒரு முனையைப் பாய்ந்து பிடித்தான். இழுத்தான். உள்ளேயிருந்து அவனைவிடப் பலமாக இழுத்தது. உள்ளங்கைத் தோல் உரிந்தது. கயிறு போய்விட்டது.

பேத்ரா சிலுவை போட்டபடி ஏணியில் இறங்கி ஓடினாள்.

லியோகாதியா சிரித்தாள். "வலியே போயிடுச்சு. பிள்ளை அசையுது, தொட்டுப் பாரேன்."

தொட்டான்.

அவள் தோலை உள்ளிருந்து தள்ளிக்கொண்டு ஐந்து விரல்கள் எழுந்தன. ஒவ்வொன்றாக அவன் விரல்களோடு பொருந்தி நின்றன. அவன் விரல்களைவிட நீளமான விரல்கள்.