நான்கு மாத்திரைக்கும் அடங்காத அழுத்தம்

காலை 6.10. அச்சகத்தைத் திறக்க வந்த தம்பி, காகிதக் கட்டுகளுக்கு நடுவே அண்ணன் மூச்சுக்குத் தவித்துக் கிடப்பதைக் கண்டான்.

7.00. மருத்துவமனை. ரத்த அழுத்தம் 230க்கு 120. நுரையீரலில் நீர் கோத்திருந்தது. நூலிழையில் உயிர் தப்பியது.

9.30. தம்பி போலீஸ் இன்ஸ்பெக்டரோடு டாக்டரின் அறைக்குள் நுழைந்தான்.

"நாலு மாத்திரை சாப்பிடறவருக்கு பிரஷர் எப்படி இவ்ளோ ஏறும்? எடுத்துக் குடுக்கறது அண்ணிதான். மாத்திரையை மாத்திட்டாங்க!"

அண்ணி சுவரோடு சுவராக நின்றாள். கண்ணில் நீர் இல்லை; தோள்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டருக்கு அவசரத் தீர்ப்பு பிடிக்காது. "மாத்திரைகளை லேபுக்கு அனுப்புங்க. இனிமே நர்ஸ் கையாலதான் குடுப்போம்."

மூன்றாம் நாள், மாலை 4.00. மாத்திரைகள் அசல்தான் என்று அறிக்கை வந்தது. நர்ஸ் கண்ணெதிரே விழுங்கியும் அழுத்தம் 190க்குக் கீழே இறங்கவில்லை.

"அப்போ நர்ஸைத்தான் பிடிக்கணுமா?" இன்ஸ்பெக்டர் சிரித்தார்.

டாக்டர் சிரிக்கவில்லை. சிறுநீரகச் சோதனையில் கிரியாட்டினின் அளவு 2.1; 1.2க்குள் இருக்க வேண்டியது. அழுத்தம்தான் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்று எல்லோரும் விட்டுவிட்ட எண் அது.

"பழைய ரிப்போர்ட் இருக்காம்மா?"

அண்ணி பையைத் துழாவி ஒரு சீட்டை நீட்டினாள். ஒரு மாதத்துக்கு முன் 1.1.

"அதுக்கப்புறம் என்ன மாறுச்சு?"

"நாலாவது மாத்திரை சேர்த்தாங்க. மூணு வாரமாச்சு."

டாக்டர் விருட்டென்று எழுந்தார். நோயாளியின் வயிற்றில், தொப்புளுக்கு மேலே ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். ஒவ்வொரு துடிப்புக்கும் 'உஷ்ஷ்' என்றொரு சீறல். நாலாவது மாத்திரையை உடனே நிறுத்தினார், ஸ்கேனுக்கு எழுதினார்.

மறுநாள் காலை 11.00. டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார்.

"குற்றவாளி இதோ. ரெண்டு சிறுநீரகத்துக்கும் போற ரத்தக் குழாய் சுருங்கிப் போச்சு. வயித்துல கேட்ட சீறல் அதுதான். ரத்தம் பத்தலன்னு சிறுநீரகம் அழுத்தத்தை ஏத்திக்கிட்டே இருக்கு. எந்த மாத்திரையும் எடுபடாததே முதல் தடயம். சுருங்கின குழாய்க்கு நாலாவது மாத்திரை ஆகாது. அதான் ஒரே மாசத்துல அளவு ரெண்டு மடங்காச்சு. அழுத்தம் சிறுநீரகத்தைக் கெடுக்கல, சிறுநீரகம்தான் அழுத்தத்தை ஏத்துச்சு. நாம கதையைத் தலைகீழாப் படிச்சுட்டோம்."

குழாயை விரித்து ஸ்டென்ட் வைத்தார்கள். பத்தாம் நாள் அழுத்தம் 134க்கு 82. அதுவும் இரண்டே மாத்திரையில்! வார்டே கைதட்டியது.

"மன்னிச்சிடுங்க அண்ணி," என்றான் தம்பி.

"டாக்டர், குழாய் எதனால சுருங்குச்சு?" அண்ணி முதல்முறையாகக் குரல் உயர்த்தினாள்.

"முக்கியமா சிகரெட்."

"நான் சிகரெட்டை ஒளிச்சு வச்சப்பல்லாம் உங்க அண்ணனுக்கு வாங்கிக் குடுத்தது யாரு தம்பி?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். இன்ஸ்பெக்டர், அவன் அண்ணி மேல் எழுதிக் கொடுத்த புகார் மனுவை அவன் கையிலேயே திணித்தார்.

"நீங்களே கிழிச்சுடுங்க தம்பி. இல்லன்னா அண்ணி பேரை அடிச்சுட்டு உங்க பேரை எழுத வேண்டியிருக்கும்."