இரண்டு காற்றுக்கு நடுவே

எண்ணியின் சத்தம் நின்றிருந்தது. விண்வெளிக் கப்பலின் வெளிச்சுவரில் மோதும் துகள்களை எண்ணுகிற கருவி அது. ஒவ்வொரு மோதலுக்கும் இங்கே பூமியில், கண்காணிப்பு அறையின் ஒலிபெருக்கியில், எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல ஒரு 'டிக்'. காலையிலிருந்து படபடவென்று வெடித்து உயிரை வாங்கிக்கொண்டிருந்த அந்தச் சத்தம், அவள் ஆறிப்போன காப்பியை வாயருகே கொண்டுபோன நேரத்தில் சட்டென்று அடங்கிவிட்டது. ஏசியின் முனகலும், சூடேறிய ஒயர்களின் வாடையும் மட்டும் மிச்சம்.

சத்தம் அடங்கினால் கப்பலிலிருந்து ஆளை வெளியே விடலாம் என்பது அந்த அறையின் வழக்கம். தடித்த ஈயக் கூட்டுக்குள் இருக்கும் இரண்டாவது எண்ணியையும் பார்த்துவிட்டுத்தான் விட வேண்டும் என்பது விதி. விதியை யார் கண்டுகொண்டார்கள்? அதிலும் கப்பலில் இருந்தது அவளுடைய தம்பி. பொறுமை கிலோ என்ன விலை என்று கேட்கிறவன்.

"அக்கா, சத்தம் நின்னுடுச்சுல்ல? அந்த ஆன்டெனாவை மாட்டிட்டு ஓடி வந்துடறேன்."

"சரி, சீக்கிரம் வா." கதவைத் திறக்கலாம் என்கிற பச்சை விளக்கைப் போட்டாள். அவள் எதைச் சொன்னாலும் அவ்வளவு தூரம் போய்ச் சேரச் சில நொடிகள் ஆகும்.

பிறகுதான் திரையைப் பார்த்தாள். சூரியனிலிருந்து சோம்பலாக வந்துகொண்டிருந்த துகள்காற்றின் முதுகில், அதைவிட வேகமான காற்று வந்து மோதிக்கொண்டிருந்தது. நடுவே அகப்பட்ட துகள் சும்மா இருக்காது. இங்கே ஓர் அடி, அங்கே ஓர் அடி. வாங்குகிற அடிக்கெல்லாம் வேகம் கூடி, கடைசியில் வெறிபிடித்து வெளியே தெறிக்கும். கப்பல் அந்த இடுக்குக்குள் இருந்தது. இரண்டாவது எண்ணி உச்சத்தைத் தொட்டிருந்தது. முதலாவது ஓய்ந்துபோகவில்லை, எண்ணி முடியாமல் திணறி ஊமையாகியிருந்தது.

மைக்கில் கத்தினாள். "டேய், உள்ள வா! இப்பவே வா!"

"அக்கா, கண்ணை மூடினாலும் பளிச்சு பளிச்சுனு அடிக்குது. வாயெல்லாம் ரத்த வாடை..."

வந்துவிட்டான். வெளிக்கதவு சாத்திக்கொண்டது. அதற்கும் உள்கதவுக்கும் நடுவே ஒரு சின்ன அறை. காற்று நிரம்பும்வரை அங்கேயே மிதக்க வேண்டும். கேமராவில் தெரிந்தான். தலைக்கவசத்துக்குள் ரத்தம் கக்கினான். உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. கால் ஒரு கதவை உதைக்க, எதிர்க்கதவில் தலை மோதியது.

டம்.

நாடித்துடிப்புக் கட்டத்தில் பூஜ்யம். பாவி, என் கையாலேயே கொன்றுவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

டம்.

உடம்பு நிற்கவில்லை. கதவிலிருந்து கதவுக்கு. முன்னைவிட வேகமாக. யாரும் உதைக்கவில்லை. கை ஒடிந்து தொங்கியது. டம். கவசம் பிளந்தது. டம். எலும்பு நொறுங்கியது. டம்டம். டமடம. முகம் போயிற்று. உருவம் போயிற்று. இரண்டு கதவுக்கும் நடுவே சிவப்பாக ஒரு பட்டை.

எண்ணி ஊமையானதுபோலச் சத்தமும் அடங்கியது.

பட்டை அப்படியே இருந்தது. உள்கதவின் இரும்பு மெல்லப் பள்ளம் விழுந்து அந்தப் பக்கம் புடைத்தது.

அந்தப் பக்கம் நின்றிருந்த கப்பல் தலைவரின் குரல் அழுகையோடு வந்தது. "மேடம், சத்தம் நின்னுடுச்சு. தம்பியை உள்ள எடுத்துக்கறேன்."

"திறக்காதீங்க! ஐயோ, திறக்காதீங்க!"

அவள் போட்ட பச்சை விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. திரையில், உள்கதவின் கைப்பிடி திரும்பத் தொடங்கியிருந்தது.